மஞ்சள் விளக்கு மட்டும் எரியும்போது பழுது எந்தத் திசையில் இருக்கிறது?

மதுரை அண்ணா நகர்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸைப் பராமரிக்கும் நண்பர் எழுதியிருப்பதன் சாரம் இது. ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைக் கொண்டுசெல்லும் 30 சேனல் பிஆர்ஐ டிஜிட்டல் இணைப்பு தரைக்கடியில் வரும் பழைய செம்புக் கேபிளில் வந்து கட்டடத்துக்குள் ஒரு மோடத்தில் முடிகிறது. மோடத்திலிருந்து நான்கு கம்பிகள் இபிஏபிஎக்ஸில் அந்த இணைப்பைப் பெறும் இ-1 கார்டுக்குப் போகின்றன. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாளிலிருந்து கார்டில் அவ்வப்போது மஞ்சள் விளக்கு எரிகிறது. எரிந்ததும் பேச்சில் இருக்கும் அழைப்புகள் அனைத்தும் அறுபடுகின்றன, சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. சிவப்பு விளக்கு ஒருமுறையும் எரிந்ததில்லை. மழையில் தெருக் கேபிள் நனைவதே காரணம் என்று அவர் எண்ணுகிறார். இது தவிர, மஞ்சள் விளக்கு இல்லாத நேரத்திலும் பேச்சுக்கு நடுவே ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கிறது. சேவை நிறுவனத்தினர் தங்கள் போர்ட் பச்சையாக இருக்கிறது, கார்டை மாற்றிப் பாருங்கள் என்கிறார்கள். கார்டை மாற்றத்தான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

கேள்வி கார்டைப் பற்றியதாக இருந்தாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு. இரு தரப்பும் தத்தம் பக்கம் சரி என்று சொல்லும்போது, பழுது யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பதைத் தன் இடத்திலிருந்தே எப்படி நிறுவுவது என்பதையே அவர் கேட்கிறார். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் டிரான்ஸ்மிஷன் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அவரிடமே நேராகப் பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காத லைனைப் பற்றிச் சொல்வதால், எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த விளக்கை எரியவைப்பது எது என்பதைப் பார்ப்போம். இ-1 லைனில் நொடிக்கு 20,48,000 பிட்டுகள் ஓடுகின்றன. அவை நொடிக்கு 8,000 ஃபிரேம்களாகவும், ஒவ்வொரு ஃபிரேமும் எட்டெட்டு பிட்டுகள் கொண்ட 32 டைம் ஸ்லாட்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிஆர்ஐ இணைப்பில் 16ஆவது ஸ்லாட் சிக்னலிங்குக்கும், 30 ஸ்லாட்டுகள் பேச்சுக்கும் போக, பூஜ்யமாவது ஸ்லாட் ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் அடையாளத்துக்காக ஒதுக்கப்பட்டது. ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமில் அந்த ஸ்லாட்டில் 0011011 என்ற மாறாத ஏழு பிட்டுகள் வரும். இடைப்பட்ட ஃபிரேம்களில் அதே ஸ்லாட்டின் மூன்றாவது பிட் அலாரத்துக்கு உரியது. பெறும் கருவி அந்த அடையாளத்தை மூன்று முறை தொடர்ந்து தவறாகப் பெற்றால் ஃபிரேமைத் தொலைத்துவிட்டதாகக் கொள்கிறது. உடனே தான் எதிர்த்திசையில் அனுப்பும் ஃபிரேம்களில் அந்த மூன்றாவது பிட்டை 1 என்று மாற்றிவிடுகிறது. அந்த 1-ஐப் படித்த கார்டுதான் மஞ்சள் விளக்கை எரிக்கிறது. இதன் முறையான பெயர் ஆர்ஏஐ, அதாவது எதிர்முனை தரும் அலார அறிவிப்பு.

ஆகவே வைகையின் மறுகரையில் நிற்பவர் ‘நீங்கள் பேசுவது கேட்கவில்லை’ என்று கூவுவதும், அது நமக்குத் தெளிவாகக் கேட்பதும் போன்றது இந்த அலாரம். அவருடைய குரல் நமக்கு வருகிறது என்பதும், நம் குரல் அவருக்குப் போகவில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. உங்கள் கார்டு மூன்றாவது பிட்டைச் சரியாகப் படித்திருக்கிறது என்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்களை நோக்கி வரும் பாதை அந்த நேரத்தில் நன்றாக இருந்திருக்கிறது. கார்டுக்கு சிக்னல் சரியாக வராதபோது எரியும் சிவப்பு எரியாததும் அதையே சொல்கிறது. உங்கள் கார்டின் அனுப்பும் பகுதியில் தொடங்கி, எக்ஸ்சேஞ்ச் கார்டின் பெறும் பகுதி வரையிலான ஒற்றைத் திசையில்தான் பழுது இருக்கிறது. இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் திசையில் உங்கள் கார்டு, நான்கு கம்பி வயர், மோடம், தெருக் கேபிள், எதிர்முனை மோடம், எக்ஸ்சேஞ்சுக்குள் ஓடும் வயர், இ-1 வயர்களைக் கட்டி இணைக்கும் டிடிஎஃப் சட்டம், எக்ஸ்சேஞ்ச் கார்டு என்று பல கண்ணிகள் இருக்கின்றன. எந்தக் கண்ணி என்பதை மஞ்சள் விளக்கு சொல்லாது.

அடுத்து, ‘போர்ட் பச்சை’ என்ற பதிலை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் எந்தப் போர்ட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது. லைன் பெரும்பாலும் ஏதோ ஓர் இடத்தில் பல இ-1களைச் சேர்த்து ஏற்றும் ஆப்டிகல் ஃபைபர் மக்ஸ் வழியாகச் செல்லும். எஸ்டிஎம்-1 என்ற ஒரு ஃபைபர் பாதையில் 63 இ-1கள் ஏறும். அந்த மக்ஸ், வழக்கமான அமைப்பில், இ-1ஐ உள்ளே திறந்து பார்ப்பதில்லை. பிட்டுகள் வருகின்றனவா என்பதை மட்டும் பார்த்து அப்படியே ஏற்றிச் செல்கிறது. பல்ஸ் வந்துகொண்டிருக்கும்வரை, உள்ளே ஃபிரேம் அடையாளம் சிதைந்திருந்தாலும் மக்ஸ் போர்ட் பச்சையாகவே இருக்கும். உங்களுக்கு ஆர்ஏஐ அனுப்புவது ஃபிரேமைப் படிக்கும் எக்ஸ்சேஞ்ச் கார்டு. அதன் பதிவில் உங்கள் அலாரத்துக்குச் சற்று முன்பு ஏதாவது ஒரு பெறுதல் பழுது இருந்தே தீர வேண்டும். பல்ஸ் இழப்பு, ஃபிரேம் இழப்பு, ஏஐஎஸ் (வழியில் சிக்னல் அறுந்ததும் இடைக்கருவி அனுப்பும் மாற்றுச் சிக்னல்), மிகை எரர் இவற்றில் ஒன்றாக அது இருக்கும். எக்ஸ்சேஞ்ச் கார்டையே பார்த்துச் சொல்பவரும், நீங்கள் தொலைபேசியில் கேட்கும் அந்த நேரத்து நிலையைத்தான் பார்க்கிறார். ‘நேற்று மாலை 5.40க்கு உங்கள் கார்டின் பெறும் பக்கத்தில் என்ன பதிவாகியிருக்கிறது, அந்த 15 நிமிடக் கணக்கில் எரர் நொடிகள் எத்தனை’ என்று கேளுங்கள். இத்தகைய கருவிகள் 15 நிமிடக் கணக்கையும் 24 மணி நேரக் கணக்கையும் வைத்திருப்பது வழக்கம். நேரம் குறிப்பிட்டுக் கேட்கும் கேள்விக்குப் ‘பச்சை’ என்று பதில் சொல்ல முடியாது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். சில மோடங்கள் ஃபிரேமைத் திறந்து படிக்கும் முறையில் அமைக்கப்பட்டிருக்கும், குறிப்பாக 30 சேனலுக்குக் குறைவாக எடுத்திருக்கும் இடங்களில். அப்படியானால் உங்களுக்கு ஆர்ஏஐ அனுப்புவது உங்கள் பக்கத்து மோடமாகவே இருக்கலாம். அப்போது பழுது கார்டுக்கும் மோடத்துக்கும் இடையிலான சில மீட்டருக்குள் சுருங்கிவிடும். நீங்கள் மோடத்தின் வகையைக் குறிப்பிடவில்லை. 30 சேனலும் இருப்பதால் அது ஃபிரேமைத் தொடாத வகையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மழையைப் பற்றி நீங்கள் எண்ணுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மழை பெய்தால் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும், இன்சுலேஷன் குறையும், லைன் போகும் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்தது; சாலை தோண்டி மூடிய இடங்களில் இது அதிகம். ஆனால் இ-1 சிக்னலை அதன் இயல்பான வடிவிலேயே தெருக் கேபிளில் நெடுந்தொலைவு கொண்டுசெல்ல முடியாது. 1,024 கிலோஹெர்ட்ஸில் 6 டெசிபெல் இழப்பு வரைதான் பெறும் கருவி தாங்க வேண்டும் என்பது அதன் தர வரையறை. அதனால்தான் நடுவில் செம்பு ஜோடியில் நெடுந்தொலைவு அனுப்பும் எச்டிஎஸ்எல் அல்லது எஸ்எச்டிஎஸ்எல் வகை மோடங்கள் இருக்கின்றன. இந்த மோடங்களில் ஒரே ஜோடிக் கம்பியில் இரண்டு திசைகளும் சேர்ந்தே ஓடுகின்றன. இரண்டு ஜோடி எடுத்தாலும் ஒவ்வொன்றிலும் இரு திசைகளும் உண்டு. ஜோடி நனைந்து மோடங்களுக்கு இடையே தொடர்பே அற்றுவிட்டால் இரு திசைகளும் ஒன்றாகப் போகும். உங்கள் பக்கத்து மோடம் கார்டை நோக்கி எல்லாமே 1 ஆன ஏஐஎஸ் சிக்னலை அனுப்பும், கார்டில் நீல விளக்கு எரியும். சில மோடங்கள் வெளியீட்டையே நிறுத்திவிடும், அப்போது சிவப்பு எரியும். உங்களுக்கு நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எனவே நனைந்த கேபிளால் மோடத் தொடர்பு முழுவதுமாக அறுகிறது என்ற விளக்கம் இந்த அலாரத்தோடு பொருந்தவில்லை.

மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. தொடர்பு அறாமலே, எக்ஸ்சேஞ்ச் முனைக்கு அருகில் ஒரே கேபிளில் ஓடும் பிற ஜோடிகளிலிருந்து கசியும் இரைச்சல் கூடினால், அந்த முனையின் பெறுதல் மட்டும் கெடும். உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கும். நனைந்த ஜாயிண்டில் ஜோடியின் சமநிலை கெடும்போது இப்படி நேர்வது சாத்தியம். ஈரக்காற்றால் களிம்பேறிய ஒரு தொடர்பு, அனுப்பும் இரு கம்பிகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுத் துண்டிப்பதும் சாத்தியம். அது உங்கள் கட்டடத்தில் கம்பிகளை அழுத்திச் செருகி இணைக்கும் கிரோன் மாட்யூலிலும் இருக்கலாம், எக்ஸ்சேஞ்சின் டிடிஎஃப்பிலும் இருக்கலாம். காரணம் இரைச்சலா, துண்டிக்கும் தொடர்பா என்று இங்கிருந்து சொல்வது ஊகமாகவே முடியும். ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை.

இ-1 லைனில் சிஆர்சி-4 என்ற பிழைச் சோதனை இயக்கத்தில் இருந்தால், பெறும் கருவி எட்டெட்டு ஃபிரேம்களை ஒரு தொகுதியாக, நொடிக்கு 1,000 தொகுதிகளைச் சரிபார்க்கிறது. பிழையுள்ள தொகுதி வந்தால், அந்தச் செய்தியை இ-பிட் என்ற பிட்டின் வழியாக அனுப்பியவருக்கே திருப்பிச் சொல்லிவிடுகிறது. அதாவது, நீங்கள் அனுப்பியது எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு பிழையோடு போய்ச் சேர்கிறது என்ற கணக்கு உங்கள் கார்டுக்கே நொடிக்கு நொடி வந்துகொண்டிருக்கிறது. கார்டின் நிலைத் திரையில் எஃப்இபிஇ என்றோ இ-பிட் என்றோ ஓர் எண்ணி இருக்கும். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, மழை நாளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தோடு குறித்துவையுங்கள். மஞ்சள் எரிவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே அந்த எண் ஏறிக்கொண்டே போனால், வழியில் இரைச்சல் கூடுகிறது என்று பொருள். தெருக் கேபிளும் மோடங்களும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை. எண் அசையாமல் இருந்து, திடீரென்று மஞ்சள் எரிந்தால், எங்கோ ஒரு தொடர்பு அறுந்து சேர்கிறது. அப்போது நான் கேபிளைத் தேடிப் போக மாட்டேன், நான்கு கம்பி வயரையும் இரு முனைகளின் இணைப்புகளையும்தான் தொடுவேன். இந்தக் குறிப்பைப் பெறுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, லைனை நிறுத்தவும் தேவையில்லை. மருத்துவமனை இணைப்பில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்எச்டிஎஸ்எல் மோடமாக இருந்தால் இன்னொரு சான்றும் கிடைக்கும். அதன் மெனுவில் உள்ளூர் முனைக்கும் எதிர்முனைக்கும் தனித்தனியே இரைச்சல் விளிம்பு (இன்னும் எவ்வளவு இரைச்சலைத் தாங்கும் என்ற அளவு) டெசிபெலில் காட்டப்படுவதுண்டு. எதிர்முனை எண் மட்டும் மழையில் இறங்கி 6 டெசிபெலுக்குக் கீழே போனால், இரைச்சல்தான் காரணம் என்று மேலே சொன்ன முதல் ஊகம் வலுப்பெறும்.

உங்கள் எல்லைக்குள் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். ஆர்ஜே-45 முனையில் இ-1 கார்டுகள் வழக்கமாக 1, 2 ஆகிய பின்களில் பெற்று, 4, 5 ஆகிய பின்களில் அனுப்புகின்றன. உங்கள் கார்டின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்தேகம் முழுவதும் 4, 5 கம்பிகளின் மேல்தான் இருக்க வேண்டும். ஜோடிக்குள் இரு கம்பிகளும் இடம் மாறியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இ-1 பயன்படுத்தும் எச்டிபி-3 குறியீட்டில் பல்ஸ்கள் இரு முனைவாக்கிலும் மாறி மாறி வருவதால் அதனால் பாதிப்பு இல்லை. ஆனால் ஒரு கம்பி மட்டும் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் நிலைமை வேறு: சிக்னல் முற்றிலும் நிற்காது, மெலிந்து போகும், ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. கிரோன் மாட்யூலில் ஒரே பிளவுக்குள் இரண்டு கம்பிகளைச் செருகியிருந்தாலோ, உரிய செருகு கருவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியிருந்தாலோ அதை முதலில் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள். நடுவில் 75 ஓம் கோஆக்ஸியலையும் 120 ஓம் ஜோடியையும் இணைக்கும் பேலன் இருந்தால், அதன் அனுப்பும் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வயரையும் பேலனையும் சேர்த்து மாற்றி, லைன் சரியாகிவிட்டால், எது பழுது என்பதை நீங்கள் கடைசிவரை அறியப்போவதில்லை.

கார்டைச் சோதிக்க, 1ஐ 4 உடனும், 2ஐ 5 உடனும் இணைத்த ஒரு லூப் முனையைச் செய்து கார்டில் செருகுங்கள். கார்டு தன் சிக்னலைத் தானே பெற்று எல்லா அலாரமும் நீங்க வேண்டும். அந்நேரத்தில் கடிகாரத்தை உள்கடிகாரத்துக்கு மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் கார்டு தன்னையே பின்தொடர முயன்று தவறான முடிவைத் தரலாம். சிக்னலிங்கைச் சுமக்கும் டி-சேனல் மட்டும் இயங்கத் தொடங்காது. இரு முனையும் ஒரே பக்கமாக இருப்பதால் அது இயல்பு. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு: லூப்பில் தோற்கும் கார்டு பழுதானது என்பது உறுதி, ஆனால் தேறும் கார்டு முழுவதும் நலமானது என்று சொல்ல முடியாது. 120 ஓம் ஜோடியில் பல்ஸின் உயரம் 3 வோல்ட் இருக்க வேண்டும். இடியில் அடிபட்டு அது பாதியாகக் குறைந்திருந்தாலும், ஒரு சாண் வயரில் திரும்பி வரும்போது கார்டு அதைப் படித்துவிடும். ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தால், 120 ஓம் சுமையின் மேல் அந்த உயரத்தை அளந்துவிடுவது தெளிவான முடிவு.

சிஆர்சி-4 ஒரு முனையில் இயங்கி மறுமுனையில் இயங்காமல் இருந்தாலும் சில கருவிகள் மஞ்சளை எரிக்கும், அதனால் சிலர் அந்த அமைப்பை மாற்றச் சொல்வார்கள். உங்கள் நிலையில் அதைத் தொட வேண்டாம். அமைப்பில் முரண் இருந்தால் முதல் நாளிலிருந்தே மஞ்சள் நிற்காமல் எரிந்திருக்கும். மழையைப் பார்த்து வந்து போகாது.

‘டக்’ ஓசையை இதோடு சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. இரு முனைக் கடிகாரங்களும் சற்றே வேறுபட்டு ஓடும்போது, வரும் பிட்டுகளைச் சற்றே தேக்கிவைக்கும், பெறும் கருவியின் இடைத்தாங்கி நிறைந்தோ காலியாகியோ ஒரு முழு ஃபிரேமை விட்டுவிடும் அல்லது இருமுறை படிக்கும். முழு ஃபிரேமாக நழுவுவதால் ஃபிரேம் அடையாளம் கெடுவதில்லை, மஞ்சளும் எரிவதில்லை. பேச்சில் ஓர் ஓசையும், ஃபேக்ஸில் தோல்வியும்தான் தெரியும். கடிகார வேறுபாடு பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்தால் 125 நொடிக்கு ஒரு நழுவல். இ-1 வரையறை அனுமதிக்கும் உச்சமான 50 ஆக இருந்தால் ஏறத்தாழ 2.5 நொடிக்கு ஒன்று. ஓசை சீரான இடைவெளியில் வருகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். சீராக வந்தால் உங்கள் இபிஏபிஎக்ஸ் லைனிலிருந்து கடிகாரத்தை எடுக்காமல் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்பது ஏறக்குறைய உறுதி. கணினியில் இயங்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள் வகைக் கருவியாக இருந்தால் அதன் அமைப்புக் கோப்பில் ஸ்பான் வரியின் இரண்டாவது எண் 0 ஆக இருக்கும். அதை 1 ஆக்க வேண்டும். ஓசை ஒழுங்கில்லாமல் வந்தால் இந்த விளக்கம் பொருந்தாது. அப்போது அது எரர்களின் விளைவாக இருக்கலாம், எஃப்இபிஇ எண்ணியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றை வைத்துக் கார்டை மாற்றும் கேள்விக்கு வருகிறேன். வயரும் இணைப்புகளும் புதிதாகக் கட்டப்பட்டு, எஃப்இபிஇ எண் அசையாமல் இருந்து, அதன் பிறகும் மஞ்சள் வந்து, எக்ஸ்சேஞ்ச் பதிவில் பல்ஸ் இழப்பு என்று இருந்தால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது அவர்களுடைய மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்ச் கார்டுக்கும் இடையிலான இணைப்பு. உங்கள் முனையில் சிக்னல் நின்றால், எக்ஸ்சேஞ்சில் பல்ஸ் இழப்பு தெரிவது அரிது. நடுவில் உள்ள மோடம் பொதுவாக ஏஐஎஸ் அனுப்பிவிடும் என்பதால், அங்கே ஏஐஎஸ் என்றே பதிவாகும். பதிவில் ஏஐஎஸ் இருந்தால்தான் உங்கள் வயரும் கார்டும் சந்தேகத்துக்குள் வருகின்றன. மோடங்களின் நடத்தை வகைக்கு வகை மாறும் என்பதால் இதை உறுதி என்று சொல்லாமல், வலுவான அறிகுறி என்று மட்டும் சொல்வேன். எக்ஸ்சேஞ்ச் பதிவைப் பார்க்காமல் புதிய கார்டுக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை.

பழுது தீரும்வரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வரும் அழைப்புகளை இந்தப் பிஆர்ஐயை நம்பி விடாதீர்கள். தனி லைனோ மொபைல் எண்ணோ ஒன்றை வரவேற்பறையிலேயே வைத்து, அந்த எண்ணைப் பலகையிலும் எழுதிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை இழுக்கும். மோடத்தின் மாடல், சிஆர்சி-4 இயக்கத்தில் இருக்கிறதா என்பது, அடுத்த மழை நாளின் எஃப்இபிஇ குறிப்புகள், அதே நேரத்துக்கான எக்ஸ்சேஞ்ச் பதிவு ஆகிய நான்கையும் இங்கே எழுதினால், கண்ணியை இன்னும் குறுக்கிச் சொல்ல முடியும்.